நாற்பது நாள் சூப்பு

முட்டைகோஸ் சூப் குடித்தால் உடம்பு இளைக்குமா என்று யாராவது கேட்டால், இப்போதெல்லாம் நான் உடனே பதில் சொல்வதில்லை. முன்பு சொல்லியிருப்பேன். எதைக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். பாதி வீடியோ பார்த்துவிட்டு முழுப் பதில் சொல்கிற ஆள் நான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில், ஒரு தவக்காலம் முழுக்கக் கூடவே இருந்து பார்த்த பிறகும், எனக்கு விடை பிடிபடவில்லை.

எல்லாம் அம்மாவின் முழங்காலால் வந்தது. அம்மா கணக்கு டீச்சர். பாலக்கரையில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிப் பள்ளிக்கூடம். ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம் இருந்தது. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பலகையின் இந்த முனையில் ஆரம்பித்த கணக்கை அந்த முனை வரை நடந்தபடியே போட்டு முடிப்பது அவள் வழக்கம். நானும் அவளிடம் படித்தவள்தான், தெரியும். அந்த வருடம் இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய், நாற்காலி போட்டு உட்கார்ந்து நடத்த வேண்டியதாகிவிட்டது. கணக்கைச் சொல்லச் சொல்லப் பிள்ளைகளில் ஒருவர் எழுந்து பலகையில் எழுதுவார்.

"உக்காந்துகிட்டு கணக்கு நடத்துறதும் ஒண்ணு, ரேடியோவ திருகி விட்டுட்டுப் போறதும் ஒண்ணு" என்று ஒருநாள் வீட்டில் சொன்னாள். சிரிப்பதற்காகச் சொன்னதில்லை அது.

தில்லை நகரில் ஒரு எலும்பு டாக்டரிடம் அழைத்துப் போனோம். எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிட்டு, வலது மூட்டை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றார். அம்மாவுக்கு அதில் தயக்கமே இல்லை. மே மாத விடுமுறையில் செய்துவிட்டால் ஜூனில் எழுந்து நின்றுவிடலாம் என்று முன்பே மனதுக்குள் அட்டவணை போட்டிருந்தாள். டாக்டர் எடை பார்க்கும் எந்திரத்தைக் காட்டினார். அம்மா ஏறி இறங்கினாள்.

"ஒரு எட்டு கிலோவாவது குறைச்சிட்டு வாங்கம்மா. ஈஸ்டர் முடிஞ்சு வந்து காட்டுங்க. அப்ப பாத்துட்டு மே மாசம் பண்ணலாமா, தள்ளிப் போடலாமான்னு சொல்றேன்."

தள்ளிப் போட்டால் அடுத்த வருட மே. இன்னும் ஒரு வருடம் நாற்காலி. ஆட்டோவில் வரும்போது அப்பாதான் பேசினார். பொன்மலை ரயில்வே பட்டறையில் இருந்து ஓய்வு பெற்றவர், ஈர்க்குச்சி உடம்பு, எவ்வளவு தின்றாலும் ஒட்டாது. "எட்டு கிலோதானே" என்றார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

நான் அப்போது ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்ன டிசைன் ஆபீசில் வேலை பார்த்தேன். இன்ஜினியரிங் முடித்து, ஒரு வேலையை விட்டு, இன்னொரு படிப்பைப் பாதியில் விட்டு, அங்கே போய்ச் சேர்ந்திருந்தேன். பக்கத்து மேஜையில் இருந்த என் தோழி வடக்குச் சித்திரை வீதிக்காரி. அவள் வீட்டில் ஏகாதசி என்றால் பட்டினி, மறுநாள் துவாதசி காலையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயுமாகப் பாரணை. உடம்பு இளைப்பதைப் பற்றி அவளுக்குத் தெரியாதது இல்லை என்பது என் நினைப்பு.

"சூப் டயட்டுடி" என்றாள். "ஏழே நாள். முட்டைகோஸ், தக்காளி, கேரட், குடைமிளகாய். பசிக்கிறப்பல்லாம் அதையே குடிக்கணும். எங்கண்ணா கல்யாணத்துக்கு முன்னாடி நான் பண்ணினேன். ரவிக்கை ரெண்டு விரற்கடை லூசாயிடுத்து, தெரியுமோ?"

"நெசமாவா?"

"நெசமா. ஆனா கல்யாணம் முடிஞ்சு அக்காரவடிசல் சாப்பிட்டேன் பாரு, போனதெல்லாம் திரும்பி வந்துடுத்து. கூட்டத்தையும் கூட்டிண்டு வந்துது."

நான் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு காவேரிப் பாலத்தில் வண்டியை விரட்டினேன். வழியில் காந்தி மார்க்கெட்டில் நிறுத்தி இரண்டு பெரிய முட்டைகோஸ் வாங்கினேன். கடைக்காரர், "வீட்டுல விசேஷமா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அப்படித்தான் இருந்தது எனக்கு.

அம்மா ஒரு கரண்டி வாயில் வைத்துப் பார்த்தாள். "தாளிச்சியா?"

"தாளிக்கக் கூடாதும்மா. எண்ணெயே கூடாது."

"கொஞ்சம் பருப்புத் தண்ணியாவது?"

"கூடாது."

"அப்ப இதுக்குப் பேரு என்ன?"

"சூப்பு."

"பாத்திரம் கழுவுன தண்ணி மாதிரி இருக்கு" என்றார் அப்பா. சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டார். போனில் தேடி எடுத்த டயட் பட்டியலில் நாலாம் நாள் வாழைப்பழம் சாப்பிட வேண்டும் என்று இருந்ததைப் படித்துக் காட்டினேன். "எந்தப் பழம்? பூவனா, ரஸ்தாளியா, கற்பூரவல்லியா?" என்று கேட்டார். அதில் வெறுமனே வாழைப்பழம் என்றுதான் போட்டிருந்தது. திருச்சிக்காரரிடம் வெறும் வாழைப்பழம் என்று சொன்னால் எப்படி?

அம்மா பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "புதன்கிழமை ஆரம்பிக்கிறேன்" என்றாள்.

அது சாம்பல் புதன். தவக்காலம் தொடங்கும் நாள். எப்படியும் அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒருசந்தி, அதாவது ஒரு வேளைச் சாப்பாடு. சரியான நாளைத்தான் எடுத்திருக்கிறாள் என்று நான் சந்தோஷப்பட்டேன். நெற்றியில் சாம்பலோடு அவள் முதல் கிண்ணம் குடித்ததை போட்டோகூட எடுத்தேன். ஏழு நாள் டயட்டை அம்மா எந்தக் கணக்கில் எழுதிக்கொண்டாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

முதல் வாரம் முடிந்து, நான் வாங்கி வைத்திருந்த எடை எந்திரத்தில் ஏறினாள். கிட்டத்தட்ட மூன்று கிலோ காணோம். இறங்கி, எந்திரத்தைத் தரையில் கொஞ்சம் நகர்த்தி வைத்து, மறுபடியும் ஏறினாள். அதேதான். நான் கத்திய கத்தலில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. அம்மா எந்திரத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனாள். ஆனால் அன்று சாயங்காலம் கட்டிலில் படுத்துக்கொண்டு, பிசியோதெரபிஸ்ட் ஒருவர் எப்போதோ சொல்லிக் கொடுத்து, அவள் ஒருநாளும் செய்யாத அந்தப் பயிற்சியை, காலை நீட்டி மேலே தூக்கித் தூக்கி இறக்குவதை, தானாகவே செய்தாள். மறுநாள் பள்ளியில் டீயில் சீனி வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். அந்த வாரம் நின்றிருந்த நாலு மணி பஜ்ஜியும் இனி வேண்டாம் என்றாளாம். இத்தனைக்கும் அந்த பஜ்ஜியை நிறுத்தச் சொல்லி டாக்டர், அப்பா, நான் மூன்று பேரும் தொண்டை வற்றியிருந்தோம்.

பார்த்தீர்களா, சூப் வேலை செய்கிறது என்று எனக்குத் தோன்றிய இடம் இதுதான்.

"ஏழு நாள் முடிஞ்சுதும்மா, இனி சாதாரணமா, அளவா சாப்பிடலாம்" என்றேன்.

"என்னது முடிஞ்சுது? நாப்பது நாளுக்கு நேந்துகிட்டாச்சு."

"யாருகிட்ட?"

அம்மா சுவரில், சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தைக் கண்ணால் காட்டினாள். "அவருகிட்ட."

நான் சூப்பை டயட் என்று நினைத்துச் செய்துகொடுத்தேன். அவள் அதைத் தவக்கால ஒறுத்தலாக எடுத்துக்கொண்டிருந்தாள். இந்த வருடம் என்ன விடப்போகிறோம் என்று ஒவ்வொரு தவக்காலமும் எங்கள் வீட்டில் ஒரு பேச்சு நடக்கும். அப்பா வெற்றிலையை விடுவார், நான் போனை விடுவதாகச் சொல்லி இரண்டாம் நாள் எடுத்துவிடுவேன். அம்மா அந்த வருடம் சாப்பாட்டையே விட்டிருந்தாள்.

போகட்டும், கொஞ்சம் கூடுதலாக இளைப்பாள் என்று விட்டுவிட்டேன். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. வீடெல்லாம் மட்டன் பிரியாணி வாசனை. அப்பா தட்டை வைத்தார், அம்மா உட்கார்ந்தாள்.

"அம்மா! நேந்துகிட்டது என்னாச்சு?"

"ஞாயித்துக்கிழமை தவக்காலக் கணக்குல வராதுடி. போன ஞாயிறு உன் ஏழு நாளுக்காக விட்டேன். ஆண்டவரோட நாள். நீ ஞானோபதேச வகுப்புக்கு ஒழுங்காப் போயிருந்தாத்தானே தெரியும்."

"எந்திரத்துக்கு அது தெரியாதேம்மா!"

"ஆறு நாள் சூப்பு, ஒரு நாள் பிரியாணி. சராசரி போடு" என்றாள் கணக்கு டீச்சர்.

ஆகவே திங்கள் காலை முள் ஏறியது, சனி காலை இறங்கியது. எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் நான் ராத்திரியெல்லாம் படித்தேன். ஆரம்பத்திலேயே சட்டென்று குறைந்தால் உற்சாகம் வரும், அதுவே தொடரவைக்கும் என்று ஒருவர் எழுதியிருந்தார். சட்டென்று குறைந்தது சட்டென்று ஏறும், தொடங்காமல் இருந்திருந்தாலே நல்லது என்று இன்னொருவர். இரண்டும் அம்மாவைப் பார்த்து எழுதியது போலவே இருந்தது. ஆபீசில் தோழியிடம் புலம்பினேன்.

"உங்களுக்கு வருஷத்துல நாப்பது நாள், எங்களுக்கு மாசத்துல ரெண்டு நாள். ரெண்டு வீட்டு அம்மாவும் அப்படியேதான் இருக்கா" என்றாள் அவள், முறுக்கைக் கடித்துக்கொண்டே.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிலுவைப்பாதை. கோயிலுக்குள் சுவர்களைச் சுற்றி மாட்டியிருக்கும் பாடுகளின் படங்களுக்கு முன் ஒவ்வொன்றாக நின்று செபிப்பது. ஒவ்வொரு நிலையிலும் எல்லோரும் முழந்தாளிட்டு எழுவார்கள். அம்மாவால் முழந்தாளிட முடியாது, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் ஆபீசிலிருந்து நேராக அங்கே போனேன். பின்னாலிருந்து பார்த்தபோது அவள் கை பெஞ்சிலிருந்து நழுவியது. அப்படியே உட்கார்ந்து, பக்கவாட்டில் சாய்ந்துவிட்டாள். ஓடிப்போய்ப் பிடித்தேன். முகம் வெளுத்து, ஜாக்கெட் நனைந்திருந்தது. பக்கத்தில் நின்றவர் ஒருவர் பாட்டுப் புத்தகத்தால் விசிறினார். கண்ணைத் திறந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "கால்ல அடி படலையே?"

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில்தான் விசாரணை நடந்தது.

"இன்னைக்கு எத்தனை கிண்ணம் குடிச்ச?"

"ஒண்ணு."

"ஒண்ணா! பசிக்கிறப்பல்லாம் குடிக்கணும்னுதானேம்மா சொன்னேன்?"

"ஒருசந்தின்னா ஒரு வேளைதானேடி."

"தினமும் ஒருசந்தியா? கிண்ணத்துல உப்பாவது போட்டுகிட்டியா?"

"உப்பு போட்டா ஒறுத்தல் ஆகுமா?"

"பின்ன நான் ஆக்கி வெக்கிற பானை தினமும் காலியாகுதே, அதெல்லாம் எங்க போச்சு?"

முன்சீட்டில் ஆட்டோக்காரர் பக்கத்தில் ஒண்டியிருந்த அப்பா திரும்பினார். "வீணாப் போகுதேன்னு நான்தான் குடிச்சேன். மிளகுத்தூள் போட்டா நல்லாத்தாம்மா இருக்கு." அப்போதுதான் கவனித்தேன், அவர் பெல்ட்டில் புதிதாக ஒரு துளை போட்டிருந்தார்.

பயப்படும்படி ஒன்றும் இல்லை என்றார்கள். பிபி மாத்திரையையும் போட்டுக்கொண்டு இப்படிப் பட்டினி கிடந்தால் பிரஷர் இறங்காமல் என்ன செய்யும் என்று டாக்டர் திட்டிவிட்டு, மாத்திரையின் அளவை மாற்றி எழுதினார். உணவு ஆலோசகரைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர் அவர். அம்மாவை வெளியே அப்பாவோடு உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் கொஞ்ச நேரம் பேசினேன். எனக்கு ஒரு தெளிவு வேண்டியிருந்தது.

"முதல் வாரம் குறைஞ்சது பெரும்பாலும் தண்ணிங்க. சோறு நின்னு, உப்பு நின்னா உடம்புல தேங்கின தண்ணி இறங்கும். திரும்பச் சாப்பிட்டா ஏறும்."

"அப்ப அந்த மூணு கிலோ வேஸ்டா?"

"வேஸ்டுன்னு சொல்லல. அதைப் பாத்துத்தானே அம்மா சீனிய விட்டாங்க, எக்சர்சைஸ் ஆரம்பிச்சாங்க?"

"ஆமாங்க. அப்ப நல்லதுதானா?"

"நல்லதுன்னும் சொல்லல. இதே மாதிரி நாப்பது நாள் போனா கொழுப்போட சேந்து சதையும் கரைஞ்சிரும். ஆபரேஷன் முடிஞ்சு அவங்கள எழுப்பி நிக்கவெக்கப்போறது அந்தச் சதைதான். முட்டை, பயறு, மீன் எதுவும் இல்லாம இருக்கக் கூடாது."

"அப்ப நான் என்னதான் செஞ்சிருக்கணும்?"

அவர் சிரித்தார். "ஆரம்பத்துலயே இங்க கூட்டிட்டு வந்திருக்கணும்."

"வந்திருக்க மாட்டாங்க மேடம். சூப்பு கெடைச்சதாலதான் ஆரம்பிச்சதே."

"அதான் சொல்றேனே" என்றார். எதைச் சொன்னார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

இனி நேர்ச்சையை என்ன செய்வது? டாக்டர் சொன்னாலும் அம்மா விட மாட்டாள். ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரிடம் இழுத்துக்கொண்டு போனேன். வயதில் இளையவர், பைக்கில் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"நோயாளிங்களுக்கு ஒருசந்தி கட்டாயம் இல்லீங்க டீச்சர்" என்றார்.

"நான் நோயாளி இல்ல ஃபாதர். குண்டு."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். சிரிப்பை அடக்கத்தான் என்று நினைக்கிறேன். "மயங்கி விழுந்தீங்களே டீச்சர்."

"விழல. உக்காந்தேன்."

"சரி, உக்காந்தீங்க. நேந்துகிட்டது காலு நல்லாகணும்னுதானே? காலுக்கு வேண்டியதச் சாப்பிடாம இருந்தா அது எந்த நேர்ச்சையில சேரும்? ஒறுத்தல மாத்திக்கலாம். தப்பில்ல. உங்களுக்கு எது கஷ்டமோ, அத விடுங்க."

அம்மா சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "எனக்குக் கஷ்டமானது ஞாயித்துக்கிழமை பிரியாணிய விடுறதுதான்" என்று மெதுவாகச் சொன்னாள்.

அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அவர் யாரிடமும் எதுவும் நேர்ந்துகொள்ளவில்லை.

அதன் பிறகு காலையில் இரண்டு இட்லியும் முட்டையும், மத்தியானம் அளந்த சோறும் கீரையும் மீனும், ராத்திரி சப்பாத்திக்கு முன்னால் ஒரு கிண்ணம் சூப். இந்தச் சூப்பில் பயறு இருந்தது, உப்பு இருந்தது, சீரகம் தாளித்திருந்தது. உண்மையைச் சொன்னால் அது சூப்பே இல்லை. ஆனாலும் அம்மா அதைச் சூப்பு என்றேதான் சொன்னாள், நானும் திருத்தவில்லை. எடை குறைந்தது, ஆனால் முன்னைப்போல் கூரை அதிரும்படி இல்லை. சில வாரம் முள் அசையவே இல்லை. அப்போதெல்லாம் அம்மா, "அந்தப் பழைய சூப்பையே வெச்சிருந்தா இந்நேரம்..." என்று ஆரம்பிப்பாள். நான் காதில் வாங்காததுபோல் இருப்பேன். உள்ளுக்குள் எனக்கும் அதேதான் ஓடும்.

ஈஸ்டர் முடிந்து எலும்பு டாக்டரிடம் போனோம். வெளியே காத்திருந்தபோது அம்மா கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டாள், அது என்னமோ கால் கிலோ இருக்கிற மாதிரி. எந்திரத்தில் ஏறினாள். ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. எட்டு இல்லை. டாக்டர் அவளைப் படுக்கவைத்துக் காலைத் தூக்கச் சொன்னார். அம்மா தூக்கினாள். அவர் மேலிருந்து கையால் அழுத்தினார். கால் இறங்கவில்லை.

"தொடையில பலம் வந்திருக்கு. பரவால்ல, நான் பண்றேன். இதுக்கு மேல ஏறாமப் பாத்துக்கங்க" என்று மே மாதம் இரண்டாம் வாரத்தில் தேதி கொடுத்தார். "எப்படிம்மா கொறைச்சீங்க?"

"சூப்பு டாக்டர்" என்றாள் அம்மா.

நான் வாயைத் திறந்தேன். சீனி, பஜ்ஜி, பயிற்சி, மீன், விட்ட பிரியாணி எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அதெல்லாம் எதனால் ஆரம்பித்தது என்று அவர் கேட்டால் நான் என்ன சொல்லியிருப்பேன்? மூடிக்கொண்டேன்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலையில் பிசியோதெரபிஸ்ட் வந்து, நான்குகால் ஸ்டாண்டைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி அம்மாவை எழுப்பினார். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். நின்றாள். வலியில் கண்ணில் தண்ணீர் நிற்க, எதிரே இருந்த வெள்ளைச் சுவரை மேலும் கீழுமாகப் பார்த்தாள். எங்கே எழுத ஆரம்பிக்கலாம் என்று பார்ப்பது போல எனக்குத் தோன்றியது.

பக்கத்துக் கட்டில்காரருக்குத் துணையாக வந்திருந்த அவருடைய அக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ஜீயபுரத்துக்காரர். அவருக்கும் மூட்டு போய்விட்டதாம், எடையைக் குறைத்தால்தான் தொடுவோம் என்று சொல்லிவிட்டார்களாம். அம்மா படுத்ததும் கட்டிலுக்கு அருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எப்படிக்கா கொறைச்சீங்க? எனக்கு மனசே வர மாட்டேங்குது. நாளைக்கு நாளைக்குன்னு ஓடிருது."

"ஒரு முட்டைகோஸ் வாங்கிக்கங்க" என்று ஆரம்பித்தாள் அம்மா. "மொத வாரத்துலயே மூணு கிலோ. நானே நம்பல. ரெண்டு தடவ ஏறி எறங்கிப் பாத்தேன்னா பாத்துக்கங்க."

ஜீயபுரத்துக்காரரின் முகம் மலர்ந்தது. எனக்குப் பதறியது. "அம்மா, கோயில்ல மயங்கி விழுந்ததையும் சொல்லு."

"உக்காந்தேன்" என்றாள் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "அதைச் சொன்னா இவங்க ஆரம்பிக்கவே மாட்டாங்கடி" என்றாள்.

"மயக்கமா?" என்றார் அவர்.

"நீங்க மொதல்ல பிபி பாத்துக்கங்க ஆன்ட்டி" என்றேன் நான் அவசரமாக. "உங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க. என்ன மாத்திரை போடுறீங்கன்னு சொல்லிட்டு..."

"கேட்டுக்கறேம்மா. கேட்டுட்டு? இந்தச் சூப்புலயே ஆரம்பிச்சிரலாமா?"

அவரும் அம்மாவும் என்னையே பார்த்தார்கள்.